உப்பு வண்டியில் இடப்பக்கத்து சீட்டு

இதை எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போட மட்டும்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவன் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த அக்காவின் பெயரை எழுதவில்லை. எழுதினால் ஓசூரில் மகள் வீட்டில் இருந்துகொண்டே, "என்னப் போயி பொஸ்தகத்துல போட்டுகினு, வேற வேல இல்ல உனக்கு?" என்று கேட்பார்.

கேளம்பாக்கத்தில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் அவர் இருந்தார். உப்பு வியாபாரம். மரக்காணத்திலிருந்து லாரியில் வரும் கல் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கி, குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன சரக்கு வண்டியில் ஏற்றுவார். ஒருநாள் கோவளத்தில் தொடங்கி மாமல்லபுரம் வரை கடலோர ஊர்கள். இன்னொரு நாள் திருப்போரூர், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு. கருவாடு போடும் பெண்கள்தான் பெரிய வாடிக்கை. வண்டியை அவரே ஓட்டுவார். புடவைக்கு மேல் செத்துப்போன வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார். சட்டைப் பையில் போன் இருக்கும்.

அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு விஷயம் போதும். பக்கத்து சீட்டு காலியாக இருந்தால் அவர் வண்டி எடுக்கமாட்டார்.

யாராவது உட்கார வேண்டும். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற பெரியவர், கல்யாணத்துக்குப் போய் பஸ்ஸை விட்டவர்கள், கூடையோடு நிற்கிற மீன்காரம்மா, யாரானாலும் ஏற்றிக்கொள்வார். ஒருதடவை சந்தைக்குப் போன ஓர் ஆடு அங்கே உட்கார்ந்து வந்திருக்கிறது. ஆட்டுக்காரர் பின்னால் உப்பு மூட்டைகள் மேல் வந்தாராம்.

"ஏன்க்கா, ஆளப் பின்னாடி வுட்டுட்டு ஆட்ட முன்னாடி ஏத்தினீங்க?" என்று பிற்பாடு நான் கேட்டேன்.

"அந்தாளு பீடி புடிப்பான்ப்பா. ஆடு புடிக்காது."

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறை வாசலில் மூக்கு உடைந்த புத்தர் சிலை ஒன்று கிடந்ததாம். யாருக்கும் வேண்டாம் என்றதும் அதை எடுத்து சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு பல நாள் ஓட்டியிருக்கிறார். கோவளம் பக்கத்தில் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்தி, "யாரும்மா இது, சீட்ல?" என்று கேட்டதற்கு, "கெஸ்ட்டு சார். பெல்ட்டு இல்ல, அதான் கயிறு போட்டுகீறேன்" என்றாராம். நான் அவர் வீட்டுக்குப் போகும்போது அந்தப் புத்தர் வாசலில் இருந்தார். அவர் தலையில் ஈரத்துணி காய்ந்துகொண்டிருக்கும்.

நான் அந்த சீட்டுக்கு வந்த கதை பெரிதாக ஒன்றும் இல்லை. நாவலூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். கேன்டீனை மூடினார்கள். என் வயதுக்கு வேறு வேலை கேட்டுப் போக வேண்டும், போய் நின்று பேச வேண்டும். எனக்கு அது வரவில்லை. மனைவி ஓர் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போனாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தேன். முதலில் தெருமுனைக் கடைக்குப் போவதை நிறுத்தினேன். பிறகு மாடிக்குத் துணி காயப்போடப் போவதையும் நிறுத்தினேன். யாராவது அழைத்தால் வீட்டில் இல்லாததுபோல மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் காலையில் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. தாங்க முடியாமல் திறந்தேன்.

"இன்னாப்பா, சும்மாதானே குந்திகினு கீற? அத வந்து வண்டியில குந்து. ஆள் வேணும் எனக்கு."

ஆள் வேண்டும் என்ற சொல்லை நான் வேலை என்று எடுத்துக்கொண்டேன். சட்டையை மாற்றிக்கொண்டு ஏறினேன். அன்று சாயங்காலம் பேட்டாவும் கொடுத்தார். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் போனில் கேட்டால், "உப்பு வியாபாரத்துல இருக்கேன்" என்று கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னேன்.

என் வேலை என்ன என்றால், படியால் உப்பு அளந்து போட வேண்டும். வண்டி தெருவுக்குள் நுழைந்ததும் ஒலிபெருக்கியை ஓடவிட வேண்டும். அதன் ஸ்விட்ச் என் கால்மாட்டில் இருந்தது. போனில் பதிவு செய்த அக்காவின் குரல், வண்டித் தலையில் இருந்த குழாய் வழியாகத் திரும்பத் திரும்பக் கூவும். மற்ற நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்து வருவேன். அக்கா பேசிக்கொண்டே ஓட்டுவார், முகம் பாதி நேரம் என் பக்கம்தான் இருக்கும். எதிரே பஸ் வந்தால் நான் கையைக் காட்டுவேன். அவர் பேச்சை நிறுத்தாமல் ஒடித்துவிடுவார். நான் "ம்" கொட்டுவேன், சிலசமயம் அதையும் கொட்டமாட்டேன்.

வண்டிகளில் போகிற பையன்கள் கிண்டல் செய்வார்கள். "இன்னா அண்ணாத்த, அக்கா ஓட்டுறாங்க, நீ சவாரியா?" எனக்குக் காது சூடாகிவிடும். அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஆமாண்டா, மாப்ள அழைப்பு! வந்து குட புடி!" என்பார்.

நாங்கள் சேர்ந்து பார்த்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உப்பு விலை என்ன என்று பார்க்க அவர் போனிடம் "உப்பு வியாபாரி" என்று வாயால் கேட்டிருக்கிறார். விலைக்குப் பதிலாக ஒரு ஜப்பான் தொடர் வந்து நின்றது. அனிமே என்று சொல்வார்களாம். எங்களுக்கு அது பொம்மைப் படம். தமிழில் பேசியது, அதுவும் மேடைத் தமிழில். பனி விழுகிற ஏதோ ஒரு தேசத்தில் ஓர் உப்பு வியாபாரி கழுதை வண்டியில் ஊர் ஊராகப் போகிறான். வழியில் ஒரு பெண் ஏறிக்கொள்கிறாள். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருப்பாள், தலைமுடி மட்டும் எப்போதும் ஈரம். அவள் மழையின் மகள். எங்கே தங்கினாலும் அங்கே மழை வந்துவிடும். வைக்கோல் காய்கிற ஊர், சந்தை கூடுகிற ஊர், எந்த ஊரிலும் அவளைச் சேர்க்கமாட்டார்கள். இவன் வண்டியில் இடம் கொடுக்கிறான். இவன் விற்பதோ உப்பு.

மதியம் சவுக்குத் தோப்பில் வண்டியை நிறுத்தி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, போனை ஒரு மூட்டைமேல் சாய்த்துவைத்து, சத்தமாக அதைப் பார்ப்போம். ஒவ்வொரு கதையிலும் ஒரு புது ஊர் வரும், ஒரு புது பேரம் நடக்கும், கடைசியில் மழை வரும். அவன் மூட்டைகள்மேல் ஆட்டுத்தோலைப் போட்டு மூடுவான். உப்பு கரையும். கரைந்த தண்ணீரை ஊறுகாய் போடுகிறவனிடம் விற்றுச் சமாளிப்பான். அவளுக்குக் கோபம் வந்தால் ஆலங்கட்டி விழும்.

மாமல்லபுரம் போகிற காலேஜ் பையன்கள் ஒருநாள் பார்த்துவிட்டார்கள். "மச்சான், அங்க பாரு, அங்கிளும் ஆன்ட்டியும் அனிமே பாத்துகினு கீறாங்க!" நான் டப்பாவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அக்கா, "வாங்கடா, குந்துங்க. பாதி கத போயிடுச்சி, நான் சொல்றேன்" என்று கூப்பிட்டார். அவர்களில் ஒருவன் நிஜமாகவே வந்து உட்கார்ந்து முழுவதும் பார்த்துவிட்டுப் போனான்.

எனக்கு அந்த வியாபாரிமேல் ஒரே எரிச்சல். நான் அக்காவிடம் வாய் திறந்து அதிகம் பேசியது இதைப் பற்றித்தான்.

"எறக்கி வுட வேண்டியதுதானேக்கா."

"யார?"

"அந்தப் பொண்ணத்தான். இவளால எவ்ளோ நஷ்டம். தொழில் பண்றவன் இப்படியா பண்ணுவான்?"

"நீ பெரிய வியாபாரிதான் போ" என்று சொல்லி அக்கா என் டப்பாவில் ஒரு கருவாட்டுத் துண்டை வைப்பார்.

பாதித் தொடருக்குமேல் தமிழ் நின்றுபோனது. மீதி ஜப்பானிய மொழியில்தான் இருந்தது. நான் அத்தோடு விட்டுவிடலாம் என்றேன். அக்கா விடவில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லோருக்கும் அவரே பேசத் தொடங்கினார். கோட்டை வாசலில் ஈட்டியோடு நிற்கிற காவல்காரன், "இன்னா நைனா, மூட்டையில இன்னா?" என்பான். வியாபாரி, "உப்புதாங்க, நக்கிப் பாரு" என்பான். கழுதைகூட, "நாஸ்தா எங்கடா?" என்று கேட்கும். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறியிருக்கிறேன்.

"பொம்பள கொரலு, ஆம்பள கொரலு எல்லாம் நானே பேசினா பேஜாரா கீது. அந்த மழப் பொண்ணு பேசறத நீ பேசுப்பா" என்றார்.

"எனக்கு வராதுக்கா."

"இங்க யாரு கீறா? நான், நீ, கழுத."

நான் பேசவில்லை. அவளுடைய பேச்சை அவரும் பேசவில்லை, எனக்கென்று விட்டுவைத்தார். அதனால் எங்கள் வண்டியில் மழைப்பெண் வாயை அசைப்பாள், சத்தம் வராது.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். வண்டி போயிற்று. என் சீட்டில் ஓர் உப்பு மூட்டையை நிமிர்த்தி உட்காரவைத்து, புத்தருக்குக் கட்டிய அதே கயிற்றால் கட்டியிருந்தார். அக்கா அந்த மூட்டையைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஓட்டிப்போனார். சாயங்காலம் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு உப்பு விலை ஏறியது. பதிவில் பழைய விலை இருந்ததால் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அக்காவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பட்டிபுலம் தாண்டி ஒரு டீக்கடை பக்கத்துத் தோப்பில் வண்டியை நிறுத்தி, போனை என்னிடம் கொடுத்தார். "நீ கூவுப்பா. தோப்புல ஒரு காக்கா குருவிகூட இல்ல."

வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உப்பு என்ற ஒரு சொல் வாய்க்கு வரவில்லை. அக்கா பிடுங்கிக்கொண்டார். "உப்புன்னு சொல்றதுக்கு உனக்கு இன்னா ரோஷம்? போ, போயி தண்ணி புடிச்சிகினு வா."

நான் குடத்தோடு போனேன். திரும்பி வந்தபோது டீக்கடைக்காரம்மா காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். போன் என் சீட்டில் கிடந்தது. திரையில் பதிவின் சிவப்புக் கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆச்சாக்கா?"

"ஆச்சு, ஆச்சு. எட்த்து வை."

நிறுத்தி, சேமித்து, ஒலிபெருக்கியோடு இணைத்தேன். இப்போதுதான் முடித்திருப்பார் என்று நினைத்தேன். ஒருமுறை போட்டுக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

அடுத்த ஊர் கடற்கரைக் குப்பம். கருவாட்டுக்காரப் பெண்கள் வழக்கம்போலக் கூடையும் வாளியுமாகச் சூழ்ந்தார்கள். நான் ஸ்விட்சைத் தட்டிவிட்டு இறங்கி, பின்னால் வந்து படியைக் கையில் எடுத்தேன்.

"உப்பே... கல்லு உப்பே... மரக்காணம் கல்லு உப்பே... கருவாட்டுக்கு உப்பு, ஊறுகாய்க்கு உப்பே..." தெரு முழுக்க அக்காவின் கட்டின குரல். விலையைச் சொன்னது. பிறகு கிளாஸ் வைக்கிற சத்தம் 'டங்' என்று தெரு முழுவதும் கேட்டது. அதற்குப் பின்னால் டீக்கடைக்காரம்மாவின் குரல் வந்தது.

"ஏன்க்கா, ரொம்ப நாளா கேக்கணும்னு. இந்த ஆளு எதுக்கு உன்கூட? வாயே தொறக்க மாட்டேங்கறாரே."

"எதுக்கும் இல்ல."

"மூட்ட கீட்ட தூக்குவாரா?"

"தூக்குவான். தூக்கி என் கால் மேல போடுவான்." இரண்டு பேரும் சிரிப்பது குழாயில் கரகரத்தது. "அளக்கச் சொன்னா, தல தட்டி அளக்கத் தெரியாது. வாங்கறவ மூஞ்சியப் பாத்தா கூச்சம் வந்துடும். எல்லாருக்கும் குவிச்சிப் போடுவான். அவன் வந்ததுலேர்ந்து எனக்கு கை நஷ்டம்தான்."

என் கையில் படி இருந்தது. குவிந்திருந்தது. எதிரில் இருந்த பெண் ஏந்திய கூடையோடு என்னைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள்.

"ஸ்விச்ச அமுத்துப்பா!" அக்கா வண்டியின் அந்தப் பக்கத்திலிருந்து மூட்டைகளுக்கு மேலாகக் கத்தினார். நாலு எட்டு நடந்தால் ஸ்விட்ச். அந்த வண்டியில் எனக்கென்று இருந்த வேலையே அந்த ஸ்விட்ச்தான். கால் நகரவில்லை.

"அப்ப எறக்கி வுட வேண்டியதுதானே?" என்று கேட்டது குழாய்.

சவுக்கு மரங்களில் காற்று போகிற சத்தம் மட்டும் குப்பம் முழுவதும் கேட்டது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கருவாட்டுக்காரப் பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

"எறக்கி வுட்டுட்டு அந்த சீட்ட இன்னா பண்றது? அது என் சீட்டும்மா. எங்க வூட்டுக்காரரு ஓட்டுவாரு, நான் அங்க குந்திகினு வருவேன். இப்ப நான் இங்க வந்துட்டேன், அங்க ஒண்ணும் இல்ல. திரும்புனா ரோடுதான் தெரியுது. வண்டி எடுக்க மனசு வரல. சாமிய வெச்சிப் பாத்தேன், மூட்டைய வெச்சிப் பாத்தேன். அதுங்க கேக்காது. இவன் கேப்பான். நான் பேசறத எல்லாம் கேட்டுகினு வருவான். நஷ்டம் ஆனா ஆயிட்டுப் போவுது."

கிளாஸ் சத்தம். "ஆச்சாக்கா?" என்று என் குரல். அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. அவ்வளவு பெரிய குழாயில் என் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அக்காவின் "ஆச்சு, ஆச்சு" முடிந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டது: "உப்பே... கல்லு உப்பே..."

"அக்கா வேணாம், நாங்க இவருகிட்டயே வாங்கிக்கறோம்!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். மோசமான சிரிப்பு இல்லை அது. நாலைந்து கூடைகள் என் பக்கம் நீண்டன. "குவிச்சி போடு அண்ணாத்த, வெக்கப்படாத!"

பிரயோஜனம் இல்லாதவன் என்று சொன்னது எனக்கு அவமானம்தான். ஆனாலும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். பின்னால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நிற்கத்தான் முடியவில்லை. உப்பு மூட்டைகளுக்கு நடுவே இத்தனை நாளும் தலைமுடி ஈரமாக உட்கார்ந்து வந்தது யார் என்று எனக்கு விளங்கிவிட்டது. இறக்கி விடு, இறக்கி விடு என்று தினமும் சோற்றைத் தின்றுகொண்டே சொன்னவனும் நான்தான்.

அக்கா சுற்றிக்கொண்டு வந்து ஸ்விட்சை அமுக்கினார். சத்தம் நின்றது. என் முகத்தைப் பார்த்தார். மன்னிப்பு கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. என் கையிலிருந்த படியை வாங்கி, குவியலைத் தட்டாமல் அப்படியே அந்தப் பெண்ணின் கூடையில் போட்டார்.

நான் பெரிய சாலைக்கு நடந்தேன். அக்கா கூப்பிடவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

சாயங்காலம் மனைவி வந்தாள். "இன்னாங்க, மத்தியானமே எறங்கி வந்துட்டீங்களாம்? அக்கா போன் பண்ணாங்க."

நடந்ததைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அக்காவுக்கு உங்களால ஒரு வேலையும் ஆவலன்னு உங்களுக்கு இப்பதான் தெரியுமா? எனக்கு மொத நாளே தெரியும்."

"அப்புறம் எதுக்கு என்னப் போக வுட்ட?"

"வூட்ல கதவ சாத்திகினு நீங்க மூச்சுவுடாம குந்திகினு இருந்தத நான் பாத்துகினு இருக்க முடியல. அதுக்கு இது எவ்ளோவோ தேவல." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "நாளைக்கு வாசல்ல ஹாரன் அடிச்சா நான் போயி இல்லன்னு சொல்லமாட்டேன். நீங்களே சொல்லிக்குங்க."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெருவுக்கு, மனைவிக்கு, டீக்கடைக்காரம்மாவுக்கு. உப்பு வியாபாரத்தில் இருக்கிறேன் என்று நான் போனில் சொன்னபோது மறுமுனையில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஜன்னல் இடுக்கில் பார்த்தது நினைவுக்கு வந்தது. நாளைக்கு வண்டி என்னை விட்டுப் போனால் என் சீட்டில் மூட்டை போகும். அக்கா அதைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஓட்டுவார். எதிரே பஸ் வந்தால் மூட்டை கை காட்டாது. வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் ஹாரன் அடித்தது. போனேன். சீட்டில் ஒரு மூட்டை கட்டியிருந்தது. கயிற்றை அவிழ்த்து, மூட்டையைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். திருக்கழுக்குன்றம் பக்கம் போனோம். பழைய பதிவையே ஓடவிட்டோம். அதில் பழைய விலை இருந்ததால் ஒவ்வொரு தெருவிலும் புது விலையை நான் வாயால் சொன்னேன். மதியம் போனில் சார்ஜ் இல்லை. படம் பார்க்கவில்லை, பேசிக்கொண்டிருந்தோம்.